ஊசியும் இதயமும்

பதினெட்டு வயது இளைஞனொருவன் இரண்டாம் முறையாகத் தடுப்பூசி ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகின்றான் எனக் கொள்க. மூன்றாம் நாள் அவன் மார்பில் நோவு தோன்றுகின்றது. வாயுத் தொல்லையென்று வீட்டார் கசாயம் காய்ச்சுகின்றனர். இந்த வயதில் இதயநோயா என்று அயலவர் நகைக்கின்றனர். இந்நோவை இவ்வாறு தள்ளிவிடலாகாது என்பதை 2021ஆம் ஆண்டில் உலகம் அறிந்துகொண்டது. அறிந்த வகை யாது?

இதயம் ஓயாது சுருங்கி விரியும் ஒரு தசை. அத்தசை வீங்கி நலிவுறும் நிலையே இதயத்தசையழற்சி எனப்படும். பெரும்பாலும் வைரசுக் கிருமிகளே இதற்குக் காரணமாகும். தடுப்பூசியின் பின்னரோ, நோயை எதிர்க்கவேண்டிய உடலின் ஆற்றல் அளவு கடந்து கிளர்ந்து, இதயத்தசையையும் தாக்குவதால் இது நேர்கின்றதெனக் கருதப்படுகின்றது.

இது முற்றிலும் புதியதொன்றன்று. 2002ஆம் ஆண்டு டிசெம்பரில் அமெரிக்க ஐக்கிய நாடு தன் படையினருக்குப் பெரியம்மைத் தடுப்பூசி ஏற்றத் தொடங்கிற்று. முதன்முறையாக அவ்வூசியைப் பெற்ற ஏறக்குறைய 230,000 பேருள் 18 பேருக்கு இதயத்தசையிலும் அதன் உறையிலும் அழற்சி ஏற்பட்டமை 2003இல் வெளிப்பட்டது.

கொவிட் நோய்க்கான பைசர் தடுப்பூசி 2020ஆம் ஆண்டில் ஏறக்குறைய 43,000 பேரைக் கொண்டு பரிசோதிக்கப்பட்டது. அவருள் பாதிப்பேரே மெய்யான மருந்தைப் பெற்றவர். இலட்சத்தில் இருவருக்கு நேரும் தீங்கு, இருபத்தோராயிரம் பேரிடையே தோன்றாது போதல் இயல்பே. எனவே, அரிதான தீங்கைக் காணவேண்டுமாயின், ஊசி ஊரெங்கும் ஏற்றப்பட்ட பின்னரும் கண்காணிப்பு ஓயாதிருத்தல் வேண்டும்.

இஸ்ரேலில் அதுவே நடைபெற்றது. ஆங்கு மக்கள் ஊசி பெற்ற நாளும் அவர்தம் வைத்தியசாலைக் குறிப்பும் ஒரே பதிவில் இணைந்திருந்தன. ஒரு சுகாதார நிறுவனத்தின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஊசி பெற்ற இருபத்தைந்து இலட்சத்துக்கு மேற்பட்டோருள் 54 பேர் இந்நோயுற்றமை தெரிந்தது. இஃது இலட்சத்துக்கு ஏறக்குறைய இருவர். ஆயின், 16 முதல் 29 வயது வரையுள்ள ஆண்களிடையே இலட்சத்துக்குப் பதினொருவர் வரையில் நோயுற்றனர். பெரும்பாலோருக்கு நோய் கடுமையற்றதாகவே இருந்தது. எனினும், நாடு முழுவதையும் நோக்கிய பிறிதோர் ஆய்வில் ஓர் உயிரிழப்பும் பதியப்பட்டது. அதனையும் மறையாது வெளியிட்டனர்.

கொவிட் நோயும் இதயத்தசையைத் தாக்கும். அந்நாட்டிலேயே செய்யப்பட்ட ஒப்பீட்டின்படி, ஊசியால் இலட்சத்துக்கு மூவர் மேலதிகமாக இவ்வழற்சிக்கு ஆளாயினர். கொவிட் தொற்றினாலோ பதினொருவர் மேலதிகமாக ஆளாயினர். எனினும், இளம் ஆண்களுக்கு இக்கணக்கு இதே அளவில் பொருந்துவதில்லை. ஆதலாற்றான், 2021 ஒக்டோபரில் சுவீடன் நாடு, 1991ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் பிறந்தோருக்கு மொடர்னா ஊசி ஏற்றுவதை நிறுத்தி வைத்தது. ஊசியை முற்றாக ஒதுக்காமல், ஆளறிந்து மருந்தைத் தேர்ந்த செயல் அது.

இனி, மக்கள் செய்யத்தக்கது யாது? இத்தகைய ஊசி ஏற்றிய சில நாள்களுள், பெரும்பாலும் ஒரு கிழமைக்குள், மார்பு நோவோ மூச்சுத்திணறலோ நெஞ்சுப் படபடப்போ தோன்றினால், தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். ஊசி பெற்ற நாளை வைத்தியருக்குக் கூறவேண்டும். இதயத் துடிப்பின் மின்வரைபும் குருதிப் பரிசோதனையும் நோயைக் காட்டிக்கொடுக்கும். நோயுற்றவர் ஓய்வு கொள்வதோடு, வைத்தியர் இசையும் வரை, சில மாதங்களேனும், ஓட்டம், பந்தாட்டம் முதலிய கடும் பயிற்சிகளைத் தவிர்த்தல் வேண்டும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பாரும் உளர். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவாரும் உளர். முன்னவரை நம்பினால் இளைஞன் மார்பு நோவோடு வீட்டிற் கிடப்பான். பின்னவரை நம்பினால் ஊசியின்றி நோய்க்கு இரையாவான். தீங்கு இத்துணையென எண்ணிக் கூறிய நேர்மையே இவ்விரு கேட்டினின்றும் அவனைக் காக்கவல்லது.