வீட்டு வளவில் முந்திரிகை: இனம் அறிந்து நடுவோம்

நல்லூர்க் கந்தசுவாமி கோவில் மகோற்சவ காலத்தில் புலம்பெயர்ந்து வாழும் எமது உறவுகள் பெருந்தொகையாகத் தாயகம் வந்து செல்கின்றனர். அவர்கள் கொண்டுவரும் செய்திகளுள் தோட்டச் செய்திகளும் அடங்கும். லண்டனில் வேலியோரங்களிலும் ரொறன்ரோவில் வீட்டின் பின்வளவிலும் கொத்துக் கொத்தாகக் கறுத்துக் கனியும் பிளாக்பெரிப் பழத்தின் புகைப்படங்களைக் காட்டி, இதனை எமது மண்ணிலும் நாட்டினால் என்ன என்று கேட்போர் பலர். ஒரு சிலர் கேட்பதோடு நில்லாது, ஈரத்துணியிற் சுற்றிய தண்டுகளைப் பயணப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தும் விடுகின்றனர். ஆர்வம் பாராட்டத்தக்கதே. எனினும் எதனை நடுவது, எங்கிருந்து பெற்று நடுவது என்னும் இரு வினாக்களுக்கும் தெளிவான விடை கண்ட பின்னரே மண்வெட்டியைக் கையில் எடுத்தல் நன்று.

முதலில் பிளாக்பெரியைப் பற்றிக் கூறிவிடுவோம். அது குளிர்நாட்டுச் செடி. மாரிகாலத்தில் இலையுதிர்த்து உறங்கி, இனத்துக்கேற்பச் சில நூறு மணித்தியாலங்களாவது ஏறத்தாழ 7 பாகை செல்சியஸுக்குக் குறைந்த குளிரைப் பெற்ற பின்னரே அதன் அரும்புகள் ஒழுங்காக விழிக்கும். யாழ். குடாநாட்டில் தை மாத அதிகாலைகூட 20 பாகையை ஒட்டியே நிற்கின்றது. நுவரெலியா போன்ற மலைப்பிரதேசங்களில் இக்குடும்பத்துச் செடிகள் புதராக வளர்வதுண்டு. எமது செம்பாட்டு நிலத்தில் அதனை நட்டால் இலை கிடைக்கலாம், பழம் கிடைப்பது அரிது.

அவ்வாறாயின் வீட்டு வளவில் கறுத்துக் கனியும் பழம் எமக்கு இல்லையா? நிச்சயமாக உண்டு. தமிழகத்தார் திராட்சை என்றும் நாம் முந்திரிகை என்றும் வழங்கும் கொடியே அது. மரமுந்திரிகையிலிருந்து வேறுபடுத்துவதற்காகக் கொடிமுந்திரிகை என்று கூறுவாரும் உளர். இதுவும் குளிர்நாட்டில் உறங்கும் பயிர்தான். ஆயினும் வெப்பநாட்டில் அது உறங்குவதில்லை. என்றும் பசுமையாக இருக்கும் அக்கொடியை நாம் கத்தரித்து இலைகளை உருவிவிடும்போது, அந்தச் செயலே மாரிக்காலத்தின் வேலையைச் செய்கின்றது. உறங்கிக் கிடந்த அரும்புகள் விழித்துப் புதுத்தளிரும் பூங்கொத்தும் ஒருங்கே தோன்றுகின்றன. ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும் கொடி எமது மண்ணில் இருமுறை காய்ப்பதன் இரகசியம் இதுவே.

கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் எனப் பரந்துள்ள வலிகாமத்துச் செம்மண் இப்பயிருக்கு ஏற்றது. நீர் தேங்காத மண்ணும், ஆண்டின் பெரும்பகுதி நிலவும் கடும் வெயிலும், கைக்கெட்டும் தூரத்தில் கிணற்று நீரும் இங்கு ஒருங்கே அமைந்துள்ளன. போர்க்காலம் இப்பயிரையும் விட்டுவைக்கவில்லை. 1990 முதல் வலிகாமம் வடக்கின் நிலங்கள் மக்களின் கைவிட்டுப் போயின. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது வலிகாமத்து வளவுகள் பல மாதங்கள் பராமரிப்பாரின்றிக் கிடந்தன. போர் ஓய்ந்த பின்னர் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளில் மீண்டும் வீடு கட்டி, கிணறு இறைத்து, மரம் வைக்கும் குடும்பங்களுக்கு ஒரு கொடி என்பது வெறும் அழகுப்பொருள் அன்று. நட்டு ஒன்றரை ஆண்டளவில் முதற்பழம் தரத்தொடங்கி நெடுங்காலம் நிலைத்து நிற்கும் முதலீடு அது. இனம் பிழைத்தால் அந்த ஒன்றரை ஆண்டும் பந்தற் செலவும் வீணாகும்.

வீட்டுக்கு ஏற்ற இனங்கள் எவை? எமது பிரதேசத்தில் மிகப் பரவலாகக் காணப்படுவது இஸ்ரேல் புளூ என்னும் கருநீல இனமாகும். விதையுடையது. இனிப்போடு புளிப்பும் கலந்தது. எமது காலநிலைக்குப் பழகிவிட்ட இவ்வினமே புதிதாகத் தொடங்குவோருக்கு முதலிற் பரிந்துரைக்கத்தக்கது. கார்டினல் என்பது 1939 இல் கலிபோர்னியாவில் உருவாக்கப்பட்ட இனம். பெரிய செந்நிறப் பழமும் விரைவில் முதிரும் இயல்பும் உடையது. எனினும் பழம் பழுக்கும் வேளையில் மழை பெய்தால் தோல் வெடிக்கும், ஒரே குலையிற் சில பழங்கள் சிவக்கச் சில பச்சையாகவே நிற்கும். பிளாக் மஸ்கற் நறுமணத்துக்குப் பெயர்பெற்றது. தமிழகத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை என வழங்கப்பட்டு 2023 இல் புவிசார் குறியீடு பெற்றதும் இவ்வினத்தைச் சார்ந்ததே. மணத்தை விரும்புவோர் இரண்டாவது கொடியாக இதனை வைக்கலாம்.

கடைகளில் அட்டைப் பெட்டிகளில் விற்பனையாகும் விதையற்ற இறக்குமதிப் பழத்தைப் பார்த்துவிட்டு அதே இனத்தைத் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். தொம்சன் போன்ற விதையற்ற இனங்களில் தண்டின் அடியிலுள்ள அரும்புகள் பெரும்பாலும் காய்ப்பதில்லை. சற்றுத் தள்ளியுள்ள அரும்புகளே காய்க்கும். ஆகவே தண்டினை நீளமாக விட்டுக் கத்தரிக்க வேண்டும். கார்டினல் போன்றவற்றில் அடி அரும்புகளே காய்க்குமாதலாற் குறுகக் கத்தரிக்கலாம். இந்த வேறுபாட்டை அறியாது எல்லாக் கொடிகளையும் ஒரே அளவில் வெட்டுவதே, இலை தழைத்தும் பழம் இல்லாத பந்தல்களுக்கு ஒரு முக்கிய காரணமாகும். இனத்தின் பெயர் தெரியாதவர்களும் கலங்க வேண்டியதில்லை. முதற் கத்தரிப்பின்போது சில தண்டுகளில் மூன்று கணுக்களும் வேறு சிலவற்றில் ஆறு கணுக்களும் விட்டு, நூல் கட்டி அடையாளமிடுங்கள். எதிற் பூங்கொத்து வந்தது என்பதைக் கொடியே சொல்லிவிடும்.

நடுகைக்கு வருவோம். பென்சில் பருமனுள்ள முற்றிய தண்டினை நான்கு கணுக்களுடன் வெட்டிப் பொலித்தீன் பையில் வேர்கொள்ள வைத்து, வேர்விட்ட பின்னர் நடலாம். மா, பலா ஆகியவற்றின் நிழல் படாத, நாள் முழுவதும் வெயில் விழும் இடமே வேண்டும். இரண்டடி நீள, அகல, ஆழமுள்ள குழியில் மக்கிய மாட்டெருவையும் மேல்மண்ணையும் கலந்து நிரப்புக. கிளுவை, பூவரசு, கிளிசரியாத் தழைகள் எமது வேலிகளிலேயே உள்ளன. அவற்றை வெட்டி அடியிற் பரப்பினால் ஈரமும் காக்கப்படும், மண்ணும் வளம்பெறும். ஒரு கொடிக்குப் பத்தடிக்குப் பத்தடி பந்தல் போதும். பந்தலின் உயரம் ஆறரை அடியளவில் இருந்தால் வீட்டிலுள்ள பெண்களும் முதியவர்களும் ஏணியின்றி வேலை செய்யலாம். கொடியைப் பந்தல் மட்டம் வரை ஒற்றைத் தண்டாக ஏற்றி, அங்கு நுனியைக் கிள்ளி இரு கைகளாகப் பிரித்துவிட வேண்டும். வைகாசி முதல் வீசும் சோழகக்காற்று தளிரை முறிக்குமாதலாற் காற்றுப் பக்கத்தில் உயிர்வேலி இருத்தல் நன்று.

இப்பயிரின் வெற்றி நாட்காட்டியிலேயே தங்கியுள்ளது. கத்தரித்த நாளிலிருந்து பழம் பறிக்கும் நாள் வரை, இனத்தையும் பருவத்தையும் பொறுத்து ஏறத்தாழ மூன்று முதல் நான்கு மாதங்கள் செல்லும். எமது மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்கின்றது. பூவும் பழமும் அம்மாதங்களில் அகப்படலாகாது. எனவே மழை ஓய்ந்த ஜனவரி முற்பகுதியில் ஒருமுறை கத்தரித்தால் ஏப்ரல் அளவில் பழம் பறிக்கலாம். பின்னர் ஒரு மாதத்துக்கு மேல் கொடிக்கு ஓய்வளித்து, மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ மீண்டும் கத்தரித்தால் செப்டெம்பரில், பெருமழைக்கு முன்னர், இரண்டாம் போகம் வீட்டுக்கு வந்துவிடும். கத்தரிப்பதற்கு இரு வாரங்களுக்கு முன்னர் நீரைக் குறைத்து, கத்தரித்த பின்னர் எருவிட்டு நிறைய இறைக்க வேண்டும். சித்திரையில் இடைமழை எட்டிப்பார்ப்பதுண்டு என்பதால் முதற்போகத்தைப் பிந்தவிடாதிருத்தலே அறிவுடைமை.

நோய்களுள் முதன்மையானது அடிச்சாம்பல் நோய். இலையின் மேற்புறத்தில் எண்ணெய் பட்டதுபோன்ற மஞ்சட் புள்ளியும் அடிப்புறத்தில் வெண்பூஞ்சணமும் தோன்றும். இதற்கெதிராக உலகம் கண்ட முதல் மருந்தின் கதை சுவையானது. 1882 இல் பிரான்சின் போர்தோப் பகுதியில், வழிப்போக்கர்கள் பழம் பறிப்பதைத் தடுப்பதற்காக வீதியோரக் கொடிகளில் மயிற்றுத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தனர். அக்கொடிகளில் மட்டும் நோய் குறைந்திருப்பதைக் கண்ட தாவரவியலாளர் மில்லார்தே ஆய்வு செய்து 1885 இல் அதனை வெளியிட்டார். போர்தோக் கலவை பிறந்தது. வீட்டில் இதனைத் தயாரிப்பதற்கு 10 கிராம் மயிற்றுத்தத்தை அரை லீற்றர் நீரிலும், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லீற்றர் நீரிலும் தனித்தனியே பிளாஸ்ரிக் பாத்திரங்களிற் கரைத்து, முன்னையதைப் பின்னையதில் ஊற்றிக் கலக்க வேண்டும். துலக்கிய இரும்புக் கத்தியைச் சற்றுநேரம் அமிழ்த்தினாற் செம்பு படியலாகாது. படிந்தால் மேலும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். தயாரித்த அன்றே தெளிக்க வேண்டும். கண்ணுக்கும் தோலுக்கும் படாது காத்துக்கொள்க. பூக்கும் வேளையிலும் பழம் பழுக்கும் வேளையிலும் தெளித்தல் ஆகாது. செம்பு மண்ணிற் சேர்ந்து தங்குவதாதலால் மிகையாகத் தெளித்தலும் கூடாது. நெருக்கமான தளிர்களை அகற்றிப் பந்தலினுள் காற்றும் வெளிச்சமும் புகவிடுவது எந்த மருந்தையும்விட மேலானது.

மருந்தைப் பற்றிப் பேசும்போது நீரை மறக்க முடியாது. குடாநாட்டின் குடிநீர் சுண்ணக்கல் இடுக்குகளில் தேங்கிய மழைநீரே. நிலத்தில் மிகையாக இடும் யூரியா அதே நீருக்குள் இறங்குகின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலான லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்னும் எல்லையைக் கடந்த கிணறுகள் எமது விவசாயக் கிராமங்களில் உள்ளதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் சுட்டிக்காட்டியுள்ளன. அத்தகைய நீர் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் குறைக்கக்கூடியது. முந்திரிகைக்கு யூரியாவை அள்ளி இடுவதாற் பழமும் பெருகுவதில்லை. இலையே கொழுத்து நோயை வரவேற்கும். 2021 இல் இரசாயன உர இறக்குமதி ஒரே இரவிற் தடைசெய்யப்பட்டபோது எமது விவசாயிகள் பட்ட பாட்டை யாவரும் அறிவர். அத்தகைய திடீர்த் தடையை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் வீட்டு வளவில் உள்ள ஓரிரு கொடிகளுக்கு மாட்டெருவும் தழையும் போதுமானவை.

பழம் கறுத்தவுடன் பறிப்பது மற்றொரு தவறு. மாம்பழம்போலப் பறித்த பின்னர் பழுக்கும் இயல்பு முந்திரிகைக்கு இல்லை. நிறம் முதலில் வரும், இனிப்பு பின்னரே ஏறும். குலையின் நுனியில் உள்ள பழமே கடைசியில் முதிர்வதால் அதனைச் சுவைத்துப் பார்த்துப் பறிக்க வேண்டும். வௌவாலும் அணிலும் அதற்கிடையிற் பங்கு கேட்குமாதலாற் குலைகளைக் கடதாசிப் பைகளால் மூடுவதோ பந்தலுக்கு வலையிடுவதோ அவசியமாகும்.

இறுதியாகப் பயணப்பெட்டித் தண்டுகளுக்கு வருவோம். 1860 களில் வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கொடிகளோடு வேரை உறிஞ்சும் பிலொக்செரா என்னும் நுண்பூச்சி பிரான்சுக்குள் நுழைந்து, அந்நாட்டின் முந்திரிகைத் தோட்டங்களிற் பெரும்பகுதியை அழித்தது. அதற்குப் பரிகாரமாக அமெரிக்க வேர்த்தண்டுகளை இறக்குமதி செய்த காலத்திலேயே அடிச்சாம்பல் நோயும் ஐரோப்பாவை வந்தடைந்தது. இன்று எமது பந்தல்களை வாட்டும் நோயும் ஒரு காலத்தில் எவரோ நன்னோக்கத்துடன் கொண்டுசென்ற தண்டுகளிற் பயணம் செய்ததே. இக்காரணத்தினாலேயே 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம், அனுமதியின்றி நடுகைப் பொருட்களை நாட்டுக்குள் கொண்டுவருவதைத் தடுக்கின்றது. அன்பின் மிகுதியாற் கொண்டுவரப்படும் ஒரு முழத் தண்டு அயலவர் அனைவரின் பந்தலையும் அழிக்கக்கூடும் என்பதை எமது உறவுகள் உணர்தல் வேண்டும். கொடிக்குப் பதிலாகப் பந்தற் கம்பிக்கும் வலைக்கும் உதவினால் அது பெரும்பயன் தரும்.

அதேவேளை உள்ளூரிற் கன்று விற்போருக்கும் ஒரு கடப்பாடு உண்டு. இனப்பெயரும் நட்ட திகதியும் எழுதப்படாத கன்று, பெயர் ஒட்டாத மருந்துப் போத்தலுக்கு ஒப்பானது. பெயர் கூறி விற்கும்படி வாங்குவோர் வற்புறுத்த வேண்டும். விவசாயப் போதனாசிரியர்கள் கிராமந்தோறும் ஜனவரியிலும் மே இறுதியிலும் கத்தரிப்புச் செயல்விளக்கம் நடத்தினால், இன்று இலை மட்டும் தழைத்து நிற்கும் பல பந்தல்கள் அடுத்த போகத்திலேயே காய்க்கும். அயலில் நன்கு காய்க்கும் ஒரு கொடியைக் கண்டறிந்து, அதன் இனத்தைக் கேட்டு, அதிலிருந்தே ஒரு தண்டினைப் பெற்று, எதிர்வரும் மாரி ஓய்ந்ததும் நடுங்கள். வெளிநாட்டுப் பழத்துக்கு ஏங்குவதைவிட அதுவே எமது மண்ணுக்கும் எமது கிணற்றுக்கும் உகந்த வழியாகும்.