செத்தார் என்று சொல்லாத ஆங்கிலம்

1969 டிசம்பரில் பி.பி.சி.யின் 'மான்ட்டி பைத்தான்' நகைச்சுவை நிகழ்ச்சியில் ஒரு காட்சி வந்தது. செத்த கிளியைத் தலையில் கட்டிவிட்ட கடைக்காரரிடம் சண்டைக்கு வருகிறார் வாடிக்கையாளர். கிளி தூங்குகிறது என்று சாதிக்கிறார் கடைக்காரர். வாடிக்கையாளராக நடித்த ஜான் கிளீஸ், கிளியை மேஜையில் மடார் மடாரென்று அடித்துக் காட்டுகிறார். பிறகு, சாவைப் பூசி மெழுகும் ஆங்கிலச் சொற்களை மூச்சுவிடாமல் அடுக்குகிறார். அந்தக் காட்சியை அவரோடு சேர்ந்து எழுதியவர் கிரஹாம் சாப்மன். 1989-ல் சாப்மன் புற்றுநோயால் இறந்தார். லண்டனில் நடந்த நினைவுக் கூட்டத்தில், கிளிக்குச் சொன்ன அதே சொற்களை நண்பருக்கும் சொன்னார் கிளீஸ். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அடுக்குவதற்குப் பஞ்சமே இல்லை. 'பாஸ்டு அவே' பல நூற்றாண்டுப் பழசு. வாளியை உதைப்பதாகச் சொல்லும் 'கிக் த பக்கெட்', 1785-ல் பிரான்சிஸ் குரோஸ் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியிலேயே இருக்கிறது. முதல் உலகப் போர்ச் சிப்பாய்களுக்கோ, செத்தவன் 'மேற்கே போனவன்'.

இந்த மென்மையைக் காசாக்கியவர்கள் அமெரிக்க ஈமச்சடங்குத் தொழிலதிபர்கள். 'அண்டர்டேக்கர்' என்ற பழைய பெயரே மழுப்பல்தான். பொறுப்பேற்பவர் என்றுதான் பொருள். அதுவும் உறுத்த, 1890-களில் 'மார்ட்டிசியன்' வந்தது. 'ஃபியூனரல் டைரக்டர்' என்றும் போட்டுக்கொண்டார்கள். நகைப்பெட்டியைக் குறித்த 'காஸ்கெட்', சவப்பெட்டிக்குப் பெயரானது. எழுத்தாளர் நத்தானியல் ஹாதார்ன் 1863-லேயே அதைப் பார்த்து முகம் சுளித்தார். உடலைக் கிடத்தும் இடம் துயிலறை. பிணம் 'லவ்டு ஒன்'. கலிஃபோர்னியாவின் ஃபாரஸ்ட் லான் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்த ஈவ்லின் வா, அந்தப் பெயரையே தலைப்பாக்கி 1948-ல் ஒரு நையாண்டி நாவல் எழுதினார்.

வா சிரித்தார், ஜெசிகா மிட்ஃபர்ட் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். 1963-ல் வந்த அவருடைய 'தி அமெரிக்கன் வே ஆஃப் டெத்', இதமான பேச்சுக்கு நடுவே துக்க வீட்டாரின் தலையில் எவ்வளவு செலவு ஏற்றப்படுகிறது என்று போட்டு உடைத்தது. புத்தகம் சக்கைப்போடு போட்டது. 1984-ல் அமலான அமெரிக்க அரசு விதிப்படி, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக விலைப்பட்டியல் தரவேண்டும். போனில் கேட்டாலும் விலை சொல்லவேண்டும்.

நம் ஊர் ஆங்கிலம் தனி ரகம். 'தாத்தா எக்ஸ்பயர் ஆயிட்டார்' என்பது சென்னையில் மரியாதையான பேச்சு. லண்டன்காரருக்கு எக்ஸ்பயர் ஆவது பாஸ்போர்ட்டும் மருந்து மாத்திரையும்தான்.

அஞ்சலிக் குறிப்பில் எந்தச் சொல்லைப் போட்டாலும் குடி முழுகாது. ஆஸ்பத்திரி அப்படியல்ல. 'வி லாஸ்ட் ஹிம்' என்று டாக்டர் சொன்னால், ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த உறவினர் அதை எப்படி வேண்டுமானாலும் புரிந்துகொள்ளலாம். தெரிந்தவர்கூட அந்தப் பதற்றத்தில் நம்பிக்கையை விடமாட்டார். அதனால்தான் அமெரிக்காவில் அவசர சிகிச்சை மருத்துவர்களுக்குத் தரும் 'கிரீவிங்' என்ற பயிற்சி, 'டைடு' அல்லது 'டெட்' என்றே சொல்லச் சொல்கிறது. சுற்றி வளைத்தால் தப்பு.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பாட்டி தூங்குகிறாள் என்று கேட்ட குழந்தை, ராத்திரி படுக்கவே பயப்படக்கூடும் என்று எச்சரிக்கின்றன துக்கத்தில் இருப்பவர்களுக்கு உதவும் பிரிட்டன் தொண்டு நிறுவனங்கள். பாட்டி செத்துவிட்டாள், இனி எழுந்திருக்கமாட்டாள் என்று குழந்தையிடம் நேராகவே சொல்லிவிடுங்கள்.