நிரல்மொழித் தேர்வும் நீங்காப் பொறுப்பும்

செயலி ஒன்றை ஆக்க முற்படுவோர் முதற்கண் இரு வினாக்களை எதிர்நோக்குவர்: எம்மொழியில் எழுதுவது? தாமே எழுதுவதா, பிறரைக் கொண்டு எழுதுவிப்பதா? வெவ்வேறாகத் தோன்றினும் இவ்விரண்டும் ஒரு வினாவிலேயே அடங்கும். பின்னாளில் அச்செயலியைப் பேணுவோர் யாவர் என்பதே அவ்வினாவாம்.

நிரல்மொழிகள் தொழிலுக்கேற்பப் பிறந்தவை. 1957இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட போட்ரான் அறிவியற் கணிப்புக்கும், 1959இல் வகுக்கத் தொடங்கிய கோபோல் வணிகக் கணக்குக்கும் உரியன. இன்று ஐபோன் செயலிகளுக்குச் சுவிப்ற்றும், அன்ட்ரொயிட் செயலிகளுக்குக் கொட்லினும் ஏற்றனவாக விளங்குகின்றன. ஆயினும் பொருத்தம் மாத்திரம் போதாது. 2020இல் பெருந்தொற்றினால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் பெருகியபோது, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநில ஆளுநர் கோபோல் அறிந்தோரைத் தொண்டர்களாக முன்வருமாறு வேண்டினார். அம்மொழி பல்லாண்டு பணியாற்றியது. அதனைக் கற்றோர் பலரோ ஓய்வுபெற்றுவிட்டனர்.

வெளியாரிடம் ஒப்படைத்தலிலும் இவ்விடர் உண்டு. 2013 ஒக்டோபர் 1இல் தொடங்கிய அமெரிக்க அரசின் மருத்துவக் காப்புறுதி இணையத்தளத்தைப் பல ஒப்பந்த நிறுவனங்கள் ஆக்கின. அவற்றை ஒருங்கிணைக்கும் தெளிவான தலைமை இன்மையால் அது முதல் நாளிலேயே தடுமாறியது.

ஆதலின், தேர்ச்சியுடையோர் எளிதிற் கிடைக்கும் மொழியைத் தெரிதல் நன்று. மூலநிரலின் உரிமை, தெளிவான விளக்கக் குறிப்புகள், அந்நிரலைப் படித்தறியவல்ல ஒருவரேனும் நிறுவனத்துள் இருத்தல் ஆகிய மூன்றும் உறுதியாயின் வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். வேலைக்குக் கூலியுண்டு, பொறுப்பை எக்கூலி கொடுத்தும் கைமாற்ற இயலாது.