வியாழக்கிழமை இரவு, கையில் ஒரு அட்டை

ஆட்டம் என்னவோ வெள்ளிக்கிழமை இரவுதான். ஆனால் டி லா சால் என்ற அமெரிக்கப் பள்ளியின் ஃபுட்பால் அணி, அதன் ரகசியத்தைப் பார்க்க ஆசையா? அப்படியானால் வியாழக்கிழமை சாயங்காலமே கிளம்பிவிடுங்கள். மைதானத்துக்கு இல்லை, அணியில் ஆடும் ஏதோ ஒரு பையனின் வீட்டுக்கு! அன்றைக்கு மொத்த அணிக்கும் அங்கேதான் சாப்பாடு. எதிராளி மேல் பாய்ந்து மோதுவதற்கென்றே பழகிய பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஒவ்வொருவராக எழுந்து நின்று மனம்விட்டுப் பேசுகிறார்கள். அழுகிறவர்களும் உண்டு. அதை யாரும் கேலி செய்வதில்லை.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. ஆளுக்கு ஒரு சின்ன அட்டை. பயிற்சியில் இந்த வாரம் என்ன செய்வேன், எடை தூக்கும் அறையில் என்ன செய்வேன், நாளைய ஆட்டத்தில் என்ன செய்வேன் என்று மூன்று வாக்குறுதிகளை எழுத வேண்டும். எழுதியதைப் பயிற்சியாளரிடம் கொடுப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லவே இல்லை! கூட ஆடுகிற ஒருவனிடம் கொடுக்க வேண்டும். சொன்னதைச் செய்தானா என்று கணக்குக் கேட்கப்போவது அவன்தான். பெரியவர்களிடம் சாக்குப்போக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பக்கத்தில் நின்று உதைபடுகிறவனிடம் என்ன சொல்லித் தப்பிப்பது?

இடம், கலிபோர்னியாவின் கான்கார்ட். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். டி லா சால், 1965-இல் தொடங்கிய கத்தோலிக்க ஆண்கள் பள்ளி. மாணவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். 1979-இல் பாப் லாடசூர் அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளராக வந்தபோது, தோல்வியைவிட வெற்றி அதிகமாக இருந்த சீசன் ஒன்றைக்கூட அந்தப் பள்ளி பார்த்திருக்கவில்லை. 2012 சீசனோடு அவர் ஓய்வு பெறும்போது கணக்கு இது: 399 வெற்றி, 25 தோல்வி, 3 சமன். நடுவே, 1992 சீசனிலிருந்து 2003 சீசன் வரை, தொடர்ச்சியாக 151 வெற்றி! அதற்கு முன் நாட்டின் சாதனையாக இருந்தது மிச்சிகனின் ஹட்சன் பள்ளி வைத்திருந்த 72. அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே.

இந்த எண்ணை இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். உயர்நிலைப் பள்ளி என்பது நாலே வருஷம். எவ்வளவு பெரிய சூரனாக இருந்தாலும் பதினெட்டு வயதில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவான். காசு கொடுத்து அவனைத் தக்கவைத்துக்கொள்ள முடியாது. தோல்வியே இல்லாத அந்த 12 சீசன்களில் மூன்று தலைமுறை மாணவர்கள் உள்ளே வந்து வெளியே போயிருக்கிறார்கள். அணி முழுக்க முழுக்க மாறியிருக்கிறது, முடிவு மட்டும் மாறவில்லை. நட்சத்திர வீரர்களால்தான் இந்த ஆதிக்கம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே வருவேன்.

சரி, ஜனவரிக்குப் போவோம். சீசன் முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும், அடுத்த சீசனின் முதல் ஆட்டத்துக்கு இன்னும் ஏழெட்டு மாதம் இருக்கிறது. பார்க்க ஒரு ரசிகன்கூட இல்லை. இப்போதே எடை தூக்கும் அறையில் இரும்புச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடுகிறது. கோடைவரை அது நிற்காது. செப்டம்பரில் அரங்கம் அதிர்வதைப் பார்த்து வாய் பிளக்கிறோமே, அந்த ஆட்டத்தில் பாதியை இந்த ஆளில்லாத மாதங்களிலேயே ஆடி முடித்துவிடுகிறார்கள்.

ஆட்ட முறைக்கு வந்தால் எனக்கு உற்சாகம் தாங்காது! அவர்கள் ஆடியது 'வீர்' என்ற பழைய முறை. பந்தைத் தூர வீசுவதைவிட, எடுத்துக்கொண்டு ஓடுவதுதான் அதில் முக்கியம். பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவன் குவாட்டர்பேக்; அவன் பின்னால் இரண்டு ஓட்டக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். பந்து கைக்கு வந்ததும் குவாட்டர்பேக் அதை முதல் ஓட்டக்காரனின் வயிற்றில் வைக்கிறான், ஆனால் இன்னும் விடவில்லை. எதிரணியில் ஒருவனை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டிருப்பார்கள். இவன் கண் அவன் மேல். அவன் உள்ளே பாய்ந்தால், பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓட வேண்டும். அவன் வெளியே நின்றால், பந்தைக் கொடுத்துவிட வேண்டும். வெளியே ஓடினாலும் வேலை முடியவில்லை: அங்கே இன்னொருவன் காத்திருப்பான். அவன் தன்மேல் வந்தால் இரண்டாவது ஓட்டக்காரனுக்குப் பந்தைத் தட்டிவிட வேண்டும். இத்தனையும் ஓரிரு நொடிக்குள்! பாடிப் போகிற கபடி வீரன் எதிரியின் ஒரு காலசைவைப் பார்த்தே திரும்புவான் அல்லவா, அந்தக் கண் இந்தப் பையன்களுக்கு வேண்டும்.

முன்வரிசைப் பையன்களோ பல நேரம் எதிரணியைவிட உருவத்தில் சின்னவர்கள். ஆகவே குனிந்து, தாழ்வாக, எதிராளி நிமிர்வதற்குள் மோத வேண்டும். முதல் அடியை எந்தக் காலால், எந்தக் கோணத்தில் வைப்பது என்பதிலிருந்தே பயிற்சி தொடங்குகிறது. திரும்பத் திரும்ப, திரும்பத் திரும்ப. இத்தனைக்கும் இவர்கள் என்ன ஆடப்போகிறார்கள் என்பது எதிரணிக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை!

2001 அக்டோபரில், நாட்டிலேயே முதலிடமும் இரண்டாமிடமும் நேருக்கு நேர் மோதின. லாங் பீச் நகருக்கே போய், அங்குள்ள பாலி பள்ளியோடு ஆட்டம். மாணவர் எண்ணிக்கையில் பாலி பல மடங்கு பெரிய அரசுப் பள்ளி. டி லா சால் 29-15 என்று ஜெயித்தது; பின்னாளில் தொழில்முறை லீக்கில் பெயர் வாங்கிய மாரிஸ் ஜோன்ஸ்-ட்ரூ, பள்ளிப் பையனாக அன்று நாலு டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடப்பது) போட்டார். ஆட்டம் தொடங்கும் முன் இந்த அணி எப்படி நுழையும் தெரியுமா? கத்தல் இல்லை, குதியாட்டம் இல்லை. இரண்டு இரண்டு பேராக, கையைக் கோத்துக்கொண்டு நடந்து வருவார்கள்.

'வெளியூர்ப் பையன்களைப் பொறுக்கிச் சேர்க்கிறார்கள்' என்ற புகார் இவர்களைச் சுற்றி எப்போதும் உண்டு. தனியார் பள்ளிக்கு அரசுப் பள்ளிபோல வட்டார எல்லை இல்லை என்பது நிஜம், அது ஒரு சாதகம்தான். ஆனால் கலிபோர்னியாவில் அந்தச் சாதகம் உள்ள பள்ளி இது ஒன்றுதானா? மற்றவை ஏன் 151 ஜெயிக்கவில்லை?

லாடசூர் அந்தப் பள்ளியில் மதக் கல்வி ஆசிரியரும்கூட. அதற்கு முன் சிறார் நன்னடத்தை அதிகாரியாக இருந்தவர். தொடர் வெற்றி என்ற பேச்சே அவருக்கு ஆகாது. பையன்களிடம் அவர் கேட்டது குறையில்லாத உழைப்பை மட்டும். தற்காப்பு ஆட்டத்தை நெடுங்காலம் பார்த்துக்கொண்டவர் டெர்ரி ஐட்சன். ஒரே பயிற்சியாளர் கூட்டணி இத்தனை ஆண்டு கலையாமல் இருந்தது என்பதை ஏனோ யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், அந்த அட்டைகளுக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

2004 செப்டம்பர் 4, சியாட்டில். அந்த 151 வெற்றித் தொடர் இங்கேதான் அறுந்தது: பெல்வியூ பள்ளி டி லா சாலை 39-20 என்று வீழ்த்தியது. பந்தை எடுத்துக்கொண்டு ஓடி ஓடியே வீழ்த்தியது! அந்த சீசனில் வேறு தோல்விகளும் வந்தன. அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 1991 டிசம்பரில் பிட்ஸ்பர்க் பள்ளியிடம் தோற்ற பிறகு, வட கலிபோர்னியாவின் எந்த அணியும் 2021 வரை டி லா சாலை வெல்லவில்லை. நடுவில் பயிற்சியாளர் மாறியதால்கூட அது அறுபடவில்லை. 2013-இல் பொறுப்பேற்றவர் ஜஸ்டின் ஆலம்பா. இதே அணியில் ஆடி, லாடசூருக்குக் கீழே உதவிப் பயிற்சியாளராக இருந்து வந்தவர். அந்த வியாழக்கிழமை அட்டையைத் தானும் எழுதிக் கொடுத்தவர்.