தாய்மார் காத்த தாளம்

மருதனார்மடத்தில் யாழ். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கலைக்கூடம் ஒன்று உண்டு. இராமநாதன் நுண்கலைக் கழகம் என்று பல காலம் அறியப்பட்டது. அங்கே சங்கீதத்துக்கு ஆசிரியர்கள் உண்டு. பாடத்திட்டமும் பட்டமும் உண்டு. நாடெங்கும் கலியாண வீடுகளிலும் கிரிக்கெட் மைதானங்களிலும் ஒலிக்கும் பைலாவுக்கு ஆசிரியர்கள் யார் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்தீர்களா, சகோதரிகளே?

ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்களுக்கு அதில் பெரும் பங்குண்டு. போர்த்துக்கேயரும், ஒல்லாந்தரும், பின்னர் ஆங்கிலேயரும் அவர்களை அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் இலங்கைக்குக் கொண்டுவந்தனர். அவர்களுடைய தாளமும் போர்த்துக்கேயப் பாட்டும் கலந்து ‘கஃபிரிஞ்ஞா’ பிறந்தது. பறங்கியர் வீடுகளில் அது வளர்ந்தது. 1940களில் பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பெஸ்டியன் அந்த மெட்டுகளில் சிங்களப் பாடல்களைப் பாடினார். பைலா நாட்டின் சொத்தானது. 1970களில் ஏ. ஈ. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’ தமிழ்நாட்டையும் ஆட வைத்தது.

‘காப்பிரி’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது? ‘காஃபிர்’ என்ற அரபுச் சொல்தான். இஸ்லாத்தில் சேராத ஆபிரிக்கர்களை அரபு வணிகர் அப்படி அழைக்க, போர்த்துக்கேயர் அதை எடுத்துக்கொண்டனர். தென்னாபிரிக்காவில் அது கொடிய இழிசொல்லாயிற்று. இங்கே அம்மக்களின் இனப்பெயராகவே நிலைத்துவிட்டது.

புத்தளத்துக்கு அண்மையிலுள்ள சிறாம்பியடியில் அவர்களின் சந்ததியினர் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களுடைய பாட்டு ‘மன்ஜா’. மெல்லத் தொடங்கி வேகமெடுக்கும். வாத்தியங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை: மேளத்தோடு சிரட்டை, போத்தல், கரண்டி, கைதட்டல். எல்லாம் நம் குசினியில் உள்ளவைதான். பாட்டின் மொழி போர்த்துக்கேயக் கலப்பு மொழி. அன்றாடம் பேசுவது சிங்களம் ஆகிவிட்டதால், பாடுகிறவர்களுக்கே பல சொற்களின் பொருள் தெரியாது. ஆனாலும் தாய் பாட, பிள்ளை கேட்டுப் பாட, பாட்டு பிழைத்திருக்கிறது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலானவை தஞ்சம் புகுந்ததும் இதே புத்தளம் மாவட்டத்தில்தான். ஊரை இழந்தவர்களுக்கு மொழியும் பாட்டும் எத்தனை பெரிய சொத்து என்பதை அக்குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

நாடே ஆடும் தாளத்தைத் தந்தவர்களை நாடு அறியவில்லை. நம் வீட்டிலும் அப்படி ஆகலாமா? உம்மா பாடிய தாலாட்டை, உம்மம்மா சொன்ன ஊர்க்கதையைப் பொருளோடு கேட்டு எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பொருள் தெரிந்து பாடும் கடைசித் தலைமுறை நாமாக இருக்கக் கூடாது.