சக்கரத்தில் மின்சாரம் – 7: கோபால்ட் போய் இரும்பு வந்தது

கொழும்பில், வெள்ளவத்தைப் பக்கம் ஒரு கராஜ். பழைய டொயோட்டா பிரியஸ் ஒன்றின் பின் சீட்டைக் கழற்றி வெளியே சாய்த்து வைத்திருந்தார்கள். சீட் ஓரத்தில் இருந்த காற்றுத் துவாரத்துக்குள் மெக்கானிக் விரல்களை விட்டு இழுத்தார். தலைமுடியும் நூலும் தூசியும் சேர்ந்து திரண்ட ஓர் உருண்டை வந்தது.

“பெற்றரி செத்துப்போச்சு எண்டு கொண்டு வருவினம் அண்ணை. காத்துப் போகாமல் இந்தக் குப்பைதான் அதை அவிச்சிருக்கும்” என்றார்.

பெட்டியின் மூடியைத் திறந்தார். அலமாரியில் அடுக்கிய புத்தகங்கள்போல 28 தொகுதிகள் நெருக்கமாக நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஆறு செல்கள். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். இரண்டு தொகுதிகள் மட்டும் இளைத்திருந்தன. அவற்றின் பக்கவாட்டுகூட லேசாக உப்பியிருந்தது. அந்த இரண்டையும் மாற்றினால் போதும், வண்டி ஓடும் என்றார்.

ஒரு சுமை போலத் தெரியும் அந்தப் பெட்டி முழுவதும் சேர்த்து வைக்கும் மின்சாரம் சுமார் 1.3 யூனிட்தான். பேட்டரிக்காரர்கள் கிலோவாட் மணி என்று சொல்வதைத்தான் நம் கரண்ட் பில் யூனிட் என்கிறது. இந்தக் கட்டுரையில் நான் யூனிட் என்றே எழுதுகிறேன். நமக்கு விலை உறைக்கும் சொல் அதுதான்.

ஹைப்ரிட் ஏன் முதலில் வந்தது, முழு மின்கார் ஏன் இத்தனை ஆண்டு காத்திருந்தது என்பதற்கான விடை அந்த 1.3-இல் இருக்கிறது. பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997 டிசம்பரில். ஓட்டுவதில் பெரும் பங்கு பெட்ரோல் எஞ்சினுக்கு. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைப் பிடித்து வைத்து, வண்டி கிளம்பும்போது கொடுப்பது பேட்டரியின் வேலை. அதற்குச் சின்ன பேட்டரி போதும். முழுதாக நிரம்பவும் விடாமல், முழுதாகத் தீரவும் விடாமல் கம்ப்யூட்டர் அதை நடுவிலேயே வைத்திருப்பதால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்ற பழைய வகையே பல ஆண்டு தாங்குகிறது. முழு மின்காரின் கதை வேறு. 2020 ஜனவரியில் டாடா வெளியிட்ட நெக்ஸான் மின்காரில் 30.2 யூனிட். பிரியஸைப்போல இருபது மடங்குக்கும் மேல்.

இனி விலையைப் பார்ப்போம். புளூம்பெர்க்நெஃப் நிறுவனம் ஆண்டுதோறும் லித்தியம் அயன் பேட்டரியின் சராசரி விலையைக் கணக்கெடுக்கிறது. 2010-இல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 1,100 டாலருக்கு மேல். 30 யூனிட் பேட்டரிக்கு 33,000 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 15 லட்சம் இந்திய ரூபாய். காரின் இரும்பு, சக்கரம், சீட் எல்லாம் தனி. நடுத்தரக் குடும்பம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்திருக்க முடியாது. 2024-இல் அதே கணக்கெடுப்பில் யூனிட்டுக்கு 115 டாலர். 30 யூனிட்டுக்கு மூன்று லட்சம் ரூபாய்க்கும் கீழே. (இது ஆலைகள் வாங்கும் சராசரி விலை. பழுதாகி நாம் தனியே வாங்கினால் கூடுதலாகும்.)

இந்தச் சரிவுக்குப் பெரிய ஆலைகள் ஒரு காரணம். அதை எல்லோரும் சொல்கிறார்கள். நான் நின்று பேச விரும்புவது இன்னொரு காரணத்தைப் பற்றி: பேட்டரிக்குள் இருக்கும் உலோகம் மாறியது.

ஆக்ஸ்ஃபோர்டில் 1980-இல் ஜான் குட்இனஃப் குழு லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கண்டறிந்தது. 1991-இல் சோனி அதை வைத்து பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கேமராவுக்கும் செல்போனுக்கும் அது வரம். ஆனால் காருக்கு வேண்டிய அளவு கோபால்டுக்கு எங்கே போவது? உலகில் தோண்டப்படும் கோபால்டில் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே ஒரு பங்கை மனிதர்கள் கையால் தோண்டுகிறார்கள், குழந்தைகளும் தோண்டுகிறார்கள். புகையில்லாத வண்டி என்று பெருமைப்படும் நாம் இதை மறக்கக் கூடாது.

கோபால்டுக்குப் பதில் இரும்பை வைக்க முடியுமா? வெறும் இரும்பு ஆக்சைடில் வோல்டேஜ் போதாது. இந்த முடிச்சை அவிழ்த்ததில் நம் ஊர்க்காரர் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. தென் தமிழ்நாட்டின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம். அவரும் குட்இனஃபும் 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், அதே இரும்பைச் சல்ஃபேட் போன்ற கூட்டணுக்களோடு சேர்த்தால் வோல்டேஜ் உயர்கிறது என்று காட்டினார்கள். அந்த வழியில் போய், 1997-இல் பாதி (Padhi), நஞ்சுண்டசுவாமி, குட்இனஃப் மூவரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை உலகுக்கு அறிவித்தார்கள். குட்இனஃபுக்கு 2019-இல் 97 வயதில் நோபல் கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம்தான். நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் வர வேண்டும்.

இரும்பு பாஸ்பேட் வந்த உடனே கார் ஓடிவிடவில்லை. மின்சாரத்தை அது சரியாகக் கடத்தாது. துகள்கள்மேல் கரிப்பூச்சு கொடுத்துத்தான் வழிக்குக் கொண்டுவந்தார்கள். எடையும் அதிகம். ஒரு கிலோவில் அடங்கும் மின்சாரம் நிக்கல் சேர்ந்த லித்தியம் வகையைவிடக் (பிரியஸின் பழைய நிக்கல் வகை அல்ல) குறைவு. அதனால் மேற்கத்திய நிறுவனங்கள் பல காலம் இதைச் சீண்டவில்லை. சீனா விடாமல் பிடித்துக்கொண்டது. 2020-இல் பிஒய்டி நிறுவனம் ‘பிளேடு’ பேட்டரியைக் காட்டியது. ஒரு மீட்டருக்குச் சற்றே குறைந்த நீளத்தில், வாள்போல மெல்லிய செல்கள். நடுவில் சின்னச் சின்னப் பெட்டிகள் இல்லாமல் நேரே பெரிய பெட்டிக்குள் அடுக்கினார்கள். இடம் மிச்சமானது, எடை அதிகம் என்ற குறை பெருமளவு ஈடானது. 2021-இல் டெஸ்லாவும் தன் குறைந்த தூர கார்களை இரும்பு வகைக்கு மாற்றுவதாக அறிவித்தது. 2024-இல் உலகின் மின்வாகன பேட்டரிகளில் ஏறக்குறைய பாதி இந்த வகை.

விலை நேர்கோட்டில் இறங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022-இல் லித்தியம் விலை தாறுமாறாக ஏறியது. பேட்டரி விலை அந்தக் கணக்கெடுப்பில் முதல்முறையாக உயர்ந்தது. இரும்பு பாஸ்பேட்டிலும் லித்தியம் இருக்கிறது. இந்தியாவில் ஓடும் வண்டிகளின் செல்களில் பெரும்பகுதி இன்னும் இறக்குமதிதான், அதிலும் பெரும்பங்கு சீனாவிலிருந்து.

நம் வெயிலுக்கு ஏற்றது எது? என் கருத்தில், இரும்பு பாஸ்பேட். பாஸ்பேட் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்திருப்பதால் எளிதில் தீப்பற்றாது. சார்ஜ் ஏற்றி இறக்கும் சுற்றுகளும் கூடுதல். ஆனால் எந்த வகையானாலும் சூடு எதிரிதான். தொடக்கக் கால நிசான் லீஃப் காரின் பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கும் ஏற்பாடு இருக்கவில்லை. 2012-இல் அமெரிக்காவின் அரிசோனா பாலைவன வெயிலில் ஓட்டியவர்கள், கொள்ளளவு சீக்கிரமே குறைந்துவிட்டதாகப் புகார் எழுப்பினார்கள். வெள்ளவத்தை மெக்கானிக் தூசி உருண்டையைக் காட்டிச் சொன்னதும் இதே பாடம்தான்.

ஆகவே, மின்காரோ மின்ஸ்கூட்டரோ வாங்கப் போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிறத்தையும் திரையின் அளவையும் பார்ப்பதற்கு முன்னால், உள்ளே இருப்பது இரும்பு வகையா, நிக்கல் வகையா என்று கேளுங்கள். இரும்பு வகையை 100 சதவீதம் வரை சார்ஜ் செய்யலாம். நிக்கல் வகையை அன்றாடம் 80-இல் நிறுத்துவது நல்லது. எட்டு ஆண்டு வாரன்டி என்று சொன்னால், எத்தனை சதவீதத்துக்குக் கீழே கொள்ளளவு குறைந்தால் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் முன்பணம் கட்டாதீர்கள்.

(தொடரும்)