தேய்வதும் உழைப்பதும்

ஆங்கிலத்தில் 'வேர்' என்றொரு வினைச்சொல் உண்டு; செடியின் வேரன்று. நாம் புடைவையை உடுத்துகிறோம், பூவைச் சூடுகிறோம், நகையைப் பூணுகிறோம், சால்வையைப் போர்த்துகிறோம், கைக்கடிகாரத்தைக் கட்டுகிறோம். ஆங்கிலேயர் இவை அனைத்திற்கும் அந்த ஒரு சொல்லையே ஆள்வர். பழைய ஆங்கிலத்தில் 'வெரியன்' என வழங்கிய அதற்கு உடுத்தல் என்பது பொருள். உடுத்த துணி நாளடைவில் நைந்துபோகுமன்றோ? அதனால் 'தேய்தல்' என்னும் பொருளும் அதன்மேல் ஏறிற்று. நையாமல் தாங்கும் துணிக்கும் அதே சொல்தான். நாம் 'நெடுநாள் உழைக்கும்' என்போம்.

விளாத்திகுளம் வட்டாரத்துப் பள்ளியொன்றில் நான் 'அணிதல்' என்னும் பொருளை மட்டுமே கற்பித்திருந்தேன். அச்சொல் கலப்பையோடு வந்த வாக்கியமொன்றை ஒரு மாணவன், 'கொழு தேய்ந்துவிட்டது' என மொழிபெயர்த்தான். தவறென்று சிவப்பு மையால் அடித்துவிட்டேன். "கரிசலை உழுதால் கொழு தேயத்தானே செய்யும், ஸார்? எங்கள் ஐயா அதைக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோகிறாரே!" என்றான்.

அன்றிரவு அகராதியைப் புரட்டினேன். அவன் எழுதியதே சரி. மறுநாள் வகுப்பறிய என் பிழையை ஒப்புக்கொண்டு மதிப்பெண்ணைத் திருத்தினேன். அதன்பின் எந்தச் சொல்லையும் தனியே பிரித்து நான் கற்பித்ததில்லை. வாக்கியத்தோடு சேர்த்தே கற்பித்தேன்.